டாக்டர் வீட்டுக் கையுறைகள்

1774 ஆகஸ்ட் 30, செவ்வாய்

இன்றும் ஒரு நோயாளி வரவில்லை. அப்பா மருந்து உரலைத் துடைத்தார். உலர்ந்ததும் மறுபடி துடைத்தார். பிறகு வாசலில் போய் நின்றார். பீப்பாய் செய்யும் ஹோசியா எதிரே வந்தவர், அப்பாவைக் கண்டதும் வானத்தில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். ஹோசியாவின் நான்கு பிள்ளைகளும் அப்பாவின் கையில் பிறந்தவர்கள்.

இங்கிலாந்து ராஜா நியமித்த எங்கள் மாகாணக் கவர்னர் ஜூனில் லண்டனுக்குக் கப்பலேறியபோது, அவருக்கு வழியனுப்பு வாழ்த்து எழுதி ஊரில் சிலர் கையெழுத்திட்டார்கள். அப்பாவும் போட்டார். அந்தக் கவர்னர்தான் எங்கள் உரிமைகளை லண்டனில் விற்றவர் என்று ஊர் கொதித்தது. மற்றவர்கள் எல்லாரும் ஜெப வீட்டு வாசலில் நின்று, தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்லி மீண்டுவிட்டார்கள். தெரிந்துதான் செய்தேன் என்கிறார் அப்பா.

அதிலிருந்து அண்ணன் லெமுவேல் அவருடன் பேசுவதில்லை. ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். பேச்சு என் வழியாகப் போகிறது.

“ஜெருஷா, உன் அப்பாவ அந்த உப்பைத் தள்ளச் சொல்லு.”

“ஜெருஷா, உப்புக்கும் பார்லிமென்ட் வரி போட்டுருக்கான்னு உன் அண்ணன்கிட்ட கேளு. போட்டிருந்தா அவன் தொட மாட்டானே.”

அம்மா கரண்டியை வைத்தாள். “இன்னொரு தடவ இவ வழியாப் பேசினீங்கன்னா உப்பை ரெண்டு பேர் தலையிலயும் கொட்டுவேன்.”

உப்பை நான்தான் நகர்த்தினேன். நாம் அனுப்பாத ஆட்கள் நம் மேல் வரி போட முடியாது என்று அண்ணன் சொல்வது சரி. நான் வாசித்த அத்தனையும் அதையே சொல்கின்றன. பிரிகிற மனிதனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வது குற்றமா என்று அப்பா கேட்பதற்கும் என்னிடம் மறுப்பில்லை. இரண்டு சரிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒன்றையொன்று பார்க்காமல் சாப்பிடுவது எப்படி?

செப்டம்பர் 2

பாஸ்டன் எரிகிறதாம். ராஜாவின் போர்க்கப்பல்கள் ஊரைச் சுட்டுத் தள்ளுகின்றனவாம். ஆறு பேர் செத்தார்கள் என்கிறார்கள். இல்லை, அறுபது என்கிறார் ஹோசியா. லெமுவேல் தன் கயிற்றுப் பட்டறையை அப்படியே போட்டுவிட்டுத் துப்பாக்கியுடன் ஓடினான். ஊரில் ஆண்களே இல்லை. அப்பா பழைய படுக்கை விரிப்பைக் கட்டுத் துணியாகக் கிழித்துக்கொண்டே இருக்கிறார். நானும் கூடவே கிழிக்கிறேன். சீக்கிரம் ஏதாவது நடந்து முடிந்தால் தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

செப்டம்பர் 4

பொய். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ராஜாவின் சிப்பாய்கள் வெடிமருந்துக் கிடங்கு ஒன்றைக் காலி செய்தார்கள், அவ்வளவுதான். வதந்தி குதிரை ஏறி ஊர் ஊராகப் போயிருக்கிறது. லெமுவேல் காலெல்லாம் கொப்புளமாகத் திரும்பினான். அப்பா அவன் பாதங்களைக் கழுவிக் கட்டினார். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கிழித்த விரிப்பு வீணாகவில்லை.

அக்டோபர் 16

அப்பாவிடம் நேராகக் கேட்டுவிட்டேன். “தேயிலை வரி சரின்னு நெனைக்கிறீங்களாப்பா?”

“தப்பு.”

“பாஸ்டன் துறைமுகத்த மூடினது?”

“அது அதைவிடத் தப்பு. அடுத்தவன் தேயிலையக் கடல்ல கொட்டினதும் தப்பு. இப்படி எல்லாமே தப்புன்னு சொன்னா, அப்ப நீ எந்தப் பெஞ்சுல உக்காருவேன்னு கேக்கறாங்கம்மா. எனக்கு நிக்கத்தான் எடமிருக்கு.”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் உட்கார இடமில்லை என்று சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 5

மாகாணங்கள் எல்லாம் கூடிச் செய்த ஒப்பந்தத்தை இன்று ஊர்க் கூட்டம் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்துச் சரக்கு எதுவும் வாங்குவதில்லை, தேநீர் இல்லை, குதிரைப் பந்தயம் இல்லை, கம்பளி பெருகும்படி ஆட்டுக்குட்டி அடிப்பதில்லை. யார் மீறுகிறார்கள் என்று பார்க்க ஒரு கமிட்டி. தலைவர் டீக்கன் ஜபெஸ் ப்ரௌட்டி. லெமுவேலும் உறுப்பினர். மீறுகிறவர் பெயர் பத்திரிகையில் வரும், நாட்டுக்கு விரோதி என்று. அதன்பின் அவருடன் யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது.

லெமுவேல் அந்த ஒப்பந்தத்தை வீட்டில் படிக்கப் படிக்க, பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மெஹிட்டபெல் அக்கா நின்று கேட்டாள். மீனவரான கணவர் கடலில் மூழ்கிப் போனபின் ஒரு மாட்டை வைத்துப் பிழைப்பவள்.

“சாவு வீட்டுல கையுறை கொடுக்கறதும் கூடாது,” என்றான் லெமுவேல். “கறுப்பு நாடா ஒண்ணு போதும். கையுறை எல்லாம் இங்கிலாந்துல இருந்துதானே வருது.”

“அடப்பாவி! கையுறை வந்தாத்தானே நம்மள அடக்கத்துக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு தெரியும்? இனிமே கூப்பிட்ட வீடு எது, கூப்பிடாத வீடு எதுன்னு எப்படித் தெரியும்? தெரியாம ஒரு சாவுக்குப் போய் நின்னா மானம் போயிடாதா?”

“மனசுல துக்கம் இருந்தாப் போங்க.”

“ஐயோ, துக்கத்த வெச்சா நான் அடக்கத்துக்குப் போறேன்? கேக்குக்குப் போறேன்டா.”

அப்பாகூடச் சிரித்துவிட்டார். லெமுவேல் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான்.

1775 ஜனவரி 9

டீக்கன் ப்ரௌட்டியின் மகளுக்குத் தொண்டைக் காய்ச்சல். டீக்கன் தெரு வழியாக வரவில்லை. பின்பக்கத்து வேலியைத் தாண்டி வந்து சமையலறைக் கதவைத் தட்டினார். தொப்பி கையில். “டாக்டர்...” என்றார். அப்பா ஏற்கெனவே பையை எடுத்திருந்தார். பனியும் மழையுமாகக் கொட்டுகிறது.

ஜனவரி 14

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாளாம். அப்பாவுக்கு விழுங்க முடியவில்லை.

ஜனவரி 19

அப்பா போய்விட்டார்.

ஜனவரி 20

எழுதினால் நிற்கும் என்று எழுதுகிறேன். கடைசியில் லெமுவேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அப்பாவால் பேச முடியவில்லை, இவனால் முடியும். ஆனால் இவனும் பேசவில்லை. என்னைப் பார்த்தான், ஏதோ நான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது போல. என்னத்தைச் சொல்வேன்? நீயே சொல்லித் தொலையேன்டா என்று கத்த வேண்டும் போல் இருந்தது.

மாலையில் அம்மா மாடியறைப் பெட்டியை இறக்கச் சொன்னாள். ஒரு டாக்டருக்கு ஊரின் ஒவ்வொரு சாவு வீட்டிலிருந்தும் கையுறை வரும். மற்றவர்கள் அவற்றை விற்பார்கள். அப்பா போட்டதுமில்லை, விற்றதுமில்லை. வெள்ளையும் கறுப்புமாகப் பெட்டி நிறைய ஆட்டுத் தோல் கையுறைகள். அம்மா ஒவ்வொன்றாகத் தடவி எடுத்தாள். “இது கேப்டன் ஆபெட் போனப்ப வந்தது. இது ஹோசியாவோட மொதப் பையன். இது டீக்கன் பொண்டாட்டி சூசன்னா.” எப்படித் தெரிகிறதோ. எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தன.

“எது யார் வீட்டுலேர்ந்து வந்துச்சோ, அதை அங்கயே கொண்டு போய்க் குடுத்துட்டு வா,” என்றாள். “புதுசு எதுவும் வாங்கல. இங்கிலாந்துக்கு ஒரு காசு போகல. ஆனா உங்க அப்பாவ அடக்கம் பண்றப்ப இந்த ஊர்ல ஒருத்தனும் ‘என்னைக் கூப்பிடலை’ன்னு சொல்லிட்டு வீட்டுல உக்காந்திருக்கக் கூடாது.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏழு மாதமாக மெஹிட்டபெல் அக்காவைத் தவிர யாரும் இந்த வாசலை மிதிக்கவில்லை. கூப்பிடாவிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். கூப்பிடவில்லை என்பதே நல்ல சாக்காகிவிடும். அப்பா யாருமில்லாமல் மண்ணுக்குள் போவார்.

ஜனவரி 21

கூடையுடன் வீடு வீடாகப் போனேன். மெஹிட்டபெல் அக்கா கூட வந்தாள். ஹோசியாவின் மனைவி தன் மகனின் கையுறையை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். வருவாளா, மாட்டாளா, தெரியவில்லை.

டீக்கன் வாசலிலேயே நின்றார். சூசன்னாவின் அடக்கத்துக் கையுறை என்றேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கையுறை கொடுக்கறது ஒப்பந்தப்படி குத்தம், தெரியுமா பொண்ணே?”

“தெரியும் டீக்கனய்யா. இது உங்களோடதுதான். திருப்பித் தர்றேன்.”

“நான் இத வாங்கல,” என்றார். “நீ கொடுக்கவும் இல்ல. அந்த வேலிக் கம்பத்து மேல வெச்சுட்டுப் போ.”

வைத்துவிட்டு நடந்தோம். தெருமுனையில் மெஹிட்டபெல் அக்கா என் விலாவில் இடித்தாள். திரும்பிப் பார்த்தேன். கம்பத்தின் மேல் ஒன்றும் இல்லை. டீக்கனும் இல்லை.

ஜனவரி 22

லெமுவேல் கத்தினான். அம்மாவிடம் அவன் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “என்னை ஒரு வார்த்தை கேட்டியாம்மா? நான் உக்காந்திருக்கற கமிட்டி! எல்லாரும் என் மூஞ்சியப் பாக்கறாங்க!”

“நான் உங்கப்பாவோட மூஞ்சியப் பாத்துட்டிருக்கேன்,” என்றாள் அம்மா. சவப்பெட்டி கூடத்தில்தான் இருந்தது.

ஜனவரி 23

அடக்கம். வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள். தெருக்கோடி வரைக்கும். நல்ல குளிர், அத்தனை பேர் கையிலும் வீட்டில் பின்னிய தடித்த கம்பளி உறை. அதற்குள்ளே தோல் கையுறை இருக்கிறதா, வெறும் கையா, யாருக்குத் தெரியும்? கமிட்டி ஆட்கள் ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். துக்க வீட்டில் வந்தவனைக் கையைக் காட்டு என்று எப்படிக் கேட்பது? மெஹிட்டபெல் அக்கா மூக்கைத் துடைக்கக் கம்பளியைக் கழற்றினாள், உள்ளே வெள்ளை. அவசரமாக மாட்டிக்கொண்டாள். டீக்கன் அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார்.

அப்பாவுக்காக வந்தார்களா, கையுறைக்காக வந்தார்களா, வராமல் போனால் நாளை என்ன சொல்வார்கள் என்பதற்காகவா? லெமுவேல் மட்டும் வெறுங்கையுடன் சவப்பெட்டியைத் தூக்கினான். தோல் வெடித்து ரத்தம் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 1

திருப்பித் தருவது ‘கொடுப்பது’ ஆகுமா என்று கமிட்டி ஒரு மதியம் முழுக்க வாதாடியதாம். இரவல் கோடரியைத் திருப்பித் தந்தால் அது பரிசா என்று ஒருவர் கேட்டாராம். கோடரி வைத்து யாரும் சாவுக்குக் கூப்பிடுவதில்லை என்று இன்னொருவர். கடைசியில் முடிவு: கமிட்டியை அவமதிக்கும் எண்ணம் இல்லை, வருந்துகிறேன் என்று அம்மா இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

லெமுவேல் காகிதத்தை மேசையில் வைத்தான். அம்மா அதை மாவுக் கையால் தள்ளினாள்.

“உங்கப்பா ஒரு கையெழுத்துப் போட்டாரு. அதுக்கே ஊர் அவரப் பட்டினி போட்டுச்சு. எனக்கு வருத்தமில்ல. வருத்தப்படுறேன்னு எப்படிடா எழுதுவேன்? பொய் சொல்லச் சொல்லித் தர்றதுதான் உங்க சுதந்திரமா?”

பிப்ரவரி 8

பத்திரிகையில் வந்துவிட்டது. இரண்டு வரி. அம்மாவின் பெயர், ஊர், நாட்டுக்கு விரோதி.

கமிட்டியில் இழுபறியாம். லெமுவேலின் ஓட்டில் நின்றது. பெயரைப் போடலாம் என்று அவன் கை தூக்கினான்.

அவன் பட்டறைக்கே போய்க் கேட்டேன். ஏன்டா? பெத்தவளை? என்ன ஜென்மம்டா நீ?

கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “நம்ம அம்மாவுக்கு ஒரு சட்டம், மெஹிட்டபெலுக்கு ஒரு சட்டம்னு வெக்கச் சொல்றியா? லண்டன்ல அவங்க அதைத்தானே செய்யறாங்க. அதுக்காகத்தானே இவ்வளவும்?”

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். எனக்கு ஆத்திரம். அவன் தப்பு என்று எனக்குத் தெரிகிறது, எங்கே தப்பு என்று தெரியவில்லை. அவன் இனி வீட்டுக்கு வரக்கூடாதாம். விரோதியுடன் உறவாடுவதாகிவிடுமாம். பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறான்.

பிப்ரவரி 20

ஆலைக்காரர் எங்கள் சோளத்தை அரைக்க மறுத்துவிட்டார். உரலில் இடித்தோம், அப்பாவின் மருந்து உரலில். கூழில் இன்னும் கிராம்பு வாசனை.

மார்ச் 3

மெஹிட்டபெல் அக்கா எங்களிடம் பேசக் கூடாது. அதனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மாட்டிடம் உரக்கப் பேசுகிறாள். “கேட்டியாடி செவலை, பாஸ்டனுக்கு வடக்க இருக்கற சேலத்துல பாலத்துக்கிட்ட சிப்பாய்ங்க வந்து, வந்த வழியே திரும்பிப் போயிட்டாங்களாம். இந்தா, பால் குடத்த இங்க மறந்து வெச்சுட்டுப் போறேன், யாராவது எடுத்துக் குடிச்சுட்டா என்னைக் கேக்காதே.”

அம்மா இந்தப் பக்கம் கோழியிடம் பதில் சொன்னாள். “குடத்தக் கழுவி அங்கயே வெப்பாங்கன்னு சொல்லுடி.”

நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன், பிறகு ஏனோ அழுதேன்.

மார்ச் 17

பட்டறை பக்கம் போனபோது லெமுவேல் சொன்னான்: “நீ மட்டும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடு. பொம்பளைங்களும் போடறாங்க. உனக்குத் தடை இல்லன்னு ஆயிடும், ஆலையில அரைச்சுத் தருவாங்க.”

வேடிக்கை என்னவென்றால், டிசம்பரிலேயே கேட்டிருந்தால் ஓடிப்போய்ப் போட்டிருப்பேன். அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் நம்புகிறேன். இன்று போட்டால் அம்மாவைத் தெருவில் விடுவதாகும். போடாமல் இருந்தால் நம்பாதவளாகிறேன். நம்புவதற்கும் கையெழுத்துக்கும் நடுவே அம்மா உரலிடித்துக்கொண்டிருக்கிறாள். போடவில்லை. சரியா?

ஏப்ரல் 19

மறுபடி குதிரைக்காரன், மறுபடி மணி. சிப்பாய்கள் சுட்டுவிட்டார்களாம், பாஸ்டன் பக்கத்து லெக்ஸிங்டனில். செப்டம்பரில் கேட்டதும் இதேதான். லெமுவேல் வேலியோரம் வந்து நின்றான். அம்மாவிடம் பேச வேண்டியதை மாட்டிடம் சொல்ல அவனுக்கு வராது. தொப்பியைத் தொட்டுவிட்டு ஓடினான். அம்மா கூப்பிடவில்லை. அப்பாவின் மருத்துவப் பெட்டியைத் திறந்து ஊசிகளை எண்ணெயில் துடைக்க ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 20

பொய்யில்லை. காயம்பட்டவர்கள் வண்டிகளில் வருகிறார்கள். ஊரில் இப்போது டாக்டர் இல்லை. அப்பாவுடன் இருபத்தைந்து வருடம் எலும்பு கட்டிய கை அம்மாவுடையது மட்டும்தான்.

டீக்கன் பின்பக்கத்து வேலியைத் தாண்டி வந்தார். அம்மா சமையலறைக் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

“ஜனவரியிலயும் இப்படித்தான் வந்தீங்க டீக்கனய்யா. இந்தத் தடவ முன்வாசலுக்கு வாங்க. தெரு பாக்கக் கூப்பிடுங்க. விரோதி வரேன்.”

அவர் சுற்றிக்கொண்டு போனார். தெருவில் வண்டிகளும் அழுகையுமாக இருந்தது. தொப்பியைக் கழற்றி, எல்லாருக்கும் கேட்கும்படி, “டாக்டரம்மா, தயவுபண்ணி வாங்க,” என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா பெட்டியுடன் படியிறங்கியிருந்தாள்.

ஹோசியாவின் இரண்டாவது மகன் ஜெப வீட்டுப் பெஞ்சில் என் மடியில் தலை வைத்து இறந்தான். தண்ணீர் கேட்டான். யாரோ கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

லெமுவேலுக்குக் காயம் இல்லை. முழங்கை வரைக்கும் யாருடைய ரத்தமோ. அம்மாவின் எதிரே வந்து நின்றான். “அந்த விளக்கப் புடி,” என்றாள். பிடித்துக்கொண்டு நின்றான். மூவரும் விடியும்வரை வேலை செய்தோம்.

மே 12

லெமுவேல் வீட்டுக்கு வந்துவிட்டான். யாரும் வரச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஆலைக்காரர் சோளத்தை வாங்கி அரைத்துத் தந்தார். ஆனால் கமிட்டி அந்த இரண்டு வரியைத் திரும்பப் பெறவில்லை. “இப்பவாவது எழுதிக் குடும்மா, அடுத்த நாளே எடுத்துடுவாங்க,” என்றான் அவன்.

“அவங்க போட்டத அவங்களே எடுக்கட்டும்.”

எடுக்கவில்லை. மறந்துவிட்டார்களா, வெட்கமா? விரோதி வீட்டில்தான் இப்போது பாதி ஊர் கட்டுப் போட்டுக்கொள்கிறது.

ஜூன் 17

மதியம் முழுக்கத் தெற்கே பாஸ்டன் பக்கம் பீரங்கிச் சத்தம். தட்டுகள் அதிர்ந்தன. அம்மா அவற்றை இறக்கித் தரையில் வைத்தாள்.

1776 மார்ச் 20

ராஜாவின் படை பாஸ்டனை விட்டுக் கப்பலேறிவிட்டது. கவர்னருக்கு வாழ்த்து எழுதிய பாஸ்டன்காரர்கள் சிலரும் வடக்கே, ராஜாவின் துறைமுகமான ஹாலிஃபாக்ஸ் போகிறார்கள். அம்மாவுக்கும் எனக்கும் இடம் உண்டு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா கோழிக்கு இரை போட்டுக்கொண்டே கேட்டாள். “அங்க யாரத் தெரியும் எனக்கு?” என்றாள்.

நானும் போகவில்லை. அம்மாவுக்காகவா, எனக்காகவா என்று கேட்டுக்கொண்டேன். அம்மாவுக்காக என்று பதில் உடனே வந்தது. அதைத்தான் நம்ப முடியவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பிரசங்கம் முடிந்ததும் போதகர் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார். லெமுவேல் நியூயார்க்கில் படையுடன் இருக்கிறான்; எங்கள் பக்கத்தில் மெஹிட்டபெல் அக்கா உட்கார்ந்திருந்தாள். ராஜா செய்தது ஒவ்வொன்றாக வந்தது: எங்களைக் கேட்காமல் வரி, எங்கள் நடுவே படை, எங்கள் ஊர்களை எரித்தது. முடிவே இல்லாமல் போயிற்று. அம்மா என் காதருகே குனிந்தாள்.

“ராஜாவுக்கு இவ்ளோ நீளமா? எனக்கு ரெண்டே வரியில முடிச்சுட்டாங்க.”

உதட்டைக் கடித்துக்கொண்டேன். போதகர் முடித்தார்: இனி நாம் தனி நாடு. அம்மா எழுந்தாள். பெண்கள் பெஞ்சிலிருந்து யாரும் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை.

“டீக்கனய்யா, ஒரு சந்தேகம். என்னை நாட்டுக்கு விரோதின்னு போட்டீங்களே, அது எந்த நாட்டுக்கு? அந்த நாட்டத்தான் இப்ப கழட்டி விட்டுட்டீங்களே.”

டீக்கன் எழுந்தார். கைகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை என்பது தெரிந்தது.

“அதைக் கமிட்டி யோசிக்கணும்,” என்றார் கடைசியில்.

“யோசிங்க. எனக்கு அவசரமில்ல.”

வெளியே துப்பாக்கிகள் வெடித்தன. எல்லாரும் தொப்பியை எறிந்து கூவினார்கள். என் தொண்டை எரிந்தபோதுதான் நானும் கூவிக்கொண்டிருக்கிறேன் என்று உணர்ந்தேன். சட்டென்று அம்மாவைப் பார்த்தேன். அவள் கூவவில்லை. வீட்டுக்குக் கிளம்பவும் இல்லை. துப்பாக்கி பின்னோக்கி உதைத்ததில் ஹோசியாவின் கட்டை விரல் பிசகியிருந்தது. படியில் உட்கார்ந்து, அவருடைய முனகலைத் திட்டியபடியே அதை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள்.